பூனை இறந்த பின்: முதல் மணி நேரம் முதல் அடுத்த பூனை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டில் வளர்ந்த பூனை இறந்ததும் உதவி கேட்டு அழைப்பவர்கள் பெரும்பாலும் ஐந்தாறு கேள்விகளை ஒரே மூச்சில் கேட்கிறார்கள். எங்கே புதைப்பது, பிள்ளைகளிடம் என்ன சொல்வது, அதன் தட்டையும் படுக்கையையும் என்ன செய்வது, என்னால்தான் இறந்ததா, இன்னொரு குட்டியை எடுத்து வரலாமா? இவற்றில் முதல் இரண்டுக்கு மட்டுமே அன்றைக்கே விடை தேவை. மற்றவை வாரக்கணக்கில், சில மாதக்கணக்கில் காத்திருக்கக்கூடியவை.

எனவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே விதியின்படி அமைந்துள்ளது: பிறகு செய்யவே முடியாதவற்றை முதலில் செய்ய வேண்டும், பிறகும் செய்யக்கூடியவற்றைத் தள்ளிப்போட வேண்டும். துக்கத்தின் முதல் வேகத்தில் பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஒரு மயிரிழைகூட எடுத்து வைக்காமல் அரை மணி நேரத்தில் புதைத்துவிடுகிறார்கள். அன்று மாலையே தட்டு, கழுத்துப்பட்டை, பொம்மை எல்லாவற்றையும் குப்பைக்கு அனுப்புகிறார்கள். அடுத்த வாரம் குட்டி தேடுகிறார்கள்.

1. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

பூனை திடீரென்று இறந்திருந்தால் இப்பகுதியைக் கடந்து அடுத்ததற்குச் செல்லலாம். மிக வயதான பூனையோ, மருத்துவர் கைவிரித்துவிட்ட பூனையோ வீட்டில் இருப்பவர்களுக்கானது இது. உயிரோடு இருக்கும்போதே இந்த ஏற்பாடா என்று வீட்டுப் பெரியவர்கள் கடிந்துகொள்ளக்கூடும். ஆனால் நள்ளிரவில் மண்வெட்டிக்காக அண்டை வீட்டுக் கதவைத் தட்டுவதைவிட அந்தக் கடிந்துகொள்ளல் மேல்.

நன்கு துவைத்த பழைய பருத்திப் புடவை அல்லது வேட்டி, பூனை சுருண்டு படுக்கும் அளவுக்கு ஓர் அட்டைப்பெட்டி, செய்தித்தாள், கையுறைகள், ஃப்ரீசரில் உறையவைத்த இரண்டு தண்ணீர் பாட்டில்கள், முத்திரை குத்தும் இங்க் பேட், கெட்டியான வெள்ளை அட்டை, சில காகித உறைகள் ஆகியவை போதும். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, அது எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

பொருள்களைவிட முக்கியமானவை மூன்று விடைகள். அடக்கம் செய்யும் இடம் எது, குழி வெட்டுபவர் யார், இரவில் அழைத்தால் வரக்கூடிய கால்நடை மருத்துவர் யார்? வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டு உரிமையாளரிடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது, ஏனெனில் இறந்த உடலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போது கிடைக்கும் மறுப்பு மிகவும் வலிக்கும்.

2. இறந்துவிட்டதை உறுதிசெய்தல்

வயிற்றுப் பகுதியைச் சில நிமிடங்கள் அசையாமல் கவனித்து, மூச்சு இல்லை என்பதைப் பார்க்க வேண்டும். இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னால், விலா எலும்பின் மீது விரல்களை வைத்தால் இதயத் துடிப்பு இருக்கிறதா என்று தெரியும். கண்ணின் ஓரத்தை மெல்லத் தொட்டால் உயிருள்ள பூனை, மயக்கத்தில் இருந்தாலும், பெரும்பாலும் இமைக்கும். கண்பாப்பா முழுவதும் விரிந்து, தொடுகைக்கு அசைவே இல்லையென்றால் உயிர் பிரிந்திருக்கிறது. சிறிதளவு ஐயம் இருந்தாலும் மருத்துவரிடம் காட்டுவதே முறை. பிறந்து சில நாள்களே ஆன குட்டிகள் குளிரில் விறைத்து இறந்தவை போலவே தோன்றும் என்பதால், அவற்றை முதலில் மெல்லச் சூடேற்றிப் பார்க்க வேண்டும்.

புதியவர்களை அச்சுறுத்துபவை இதற்குப் பின் நிகழ்பவை. உயிர் பிரிந்த பிறகும் சில நிமிடங்களுக்குத் தசை துடிக்கலாம். வாய் திறந்து ஒருமுறை மூச்சு வாங்குவது போல அசையலாம். உடலைத் தூக்கும்போது நுரையீரலில் எஞ்சிய காற்று வெளியேறி ஒலி எழலாம். சிறுநீரும் மலமும் தானாகக் கழியும். பூனையின் கண்கள் பெரும்பாலும் திறந்தே இருக்கும். இவை எல்லாம் இயல்பானவை, வலியின் அடையாளங்கள் அல்ல. இதை முன்பே அறிந்திராத பலர், தங்கள் பூனை உயிரோடு இருக்கும்போதே புதைத்துவிட்டோமோ என்று மாதக்கணக்கில் உறக்கமின்றித் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் படியில் அவசரம் கூடாது என்கிறேன்.

3. அடக்கத்துக்கு முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: இறப்புக்கு முன் பூனை காரணமின்றி மூர்க்கமாகக் கடித்ததா, வாயில் உமிழ்நீர் ஒழுகியதா, நடை தள்ளாடியதா, விழுங்க முடியாமல் தவித்ததா? அப்படியென்றால் வெறிநோயாக இருக்கக்கூடும். வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். கடியோ கீறலோ பட்டவர்கள் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இதற்கான தடுப்பூசி இலவசம். துக்கத்தில் இருப்பவர்கள் தங்கள் கையிலுள்ள கீறலைக் கவனிப்பதே இல்லை. பக்கத்தில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கேள்வி: வாந்தியும் கழிச்சலுமாக ஓரிரு நாளில் இறந்ததா? தடுப்பூசி போடாத பூனைகளில், குறிப்பாகக் குட்டிகளில், பேன்லுகோபீனியா எனப்படும் பூனைப் பார்வோ நோய் இப்படித்தான் கொல்லும். இக்கிருமி வீட்டுக்குள் ஓராண்டுகூட உயிர்ப்புடன் தங்கவல்லது. வீட்டில் வேறு பூனைகள் இருந்தால் அவற்றை உடலுக்கு அருகே விடக்கூடாது. இறந்த இடத்தை முதலில் சோப்பு நீரால் கழுவி அழுக்கை நீக்கிய பின், ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு ஏறக்குறைய 30 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடங்கள் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும். அழுக்கின் மீது நேரடியாக ஊற்றினால் ப்ளீச்சின் வீரியம் குறைந்துவிடும். சானிடைசர் இக்கிருமியைக் கொல்லாது. பினாயில் ஊற்றுவது நம் வீடுகளில் கைப்பழக்கம்; அதிலுள்ள பொருள்கள் எஞ்சியிருக்கும் பூனைகளுக்கு நஞ்சாகலாம், ப்ளீச்சுடன் அதைக் கலப்பது வீட்டிலிருப்பவர்களுக்கும் ஆபத்து.

மூன்றாவது கேள்வி: ஏன் இறந்தது என்பது தெரிந்தாக வேண்டுமா? யாரேனும் விஷம் வைத்திருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலோ, வீட்டிலுள்ள மற்ற பூனைகளுக்கும் ஆபத்து என்று தோன்றினாலோ, பிரேதப் பரிசோதனை செய்யலாம். சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் விசாரிக்கலாம். உடலைக் குளிப்பாட்டக்கூடாது, குளிர்ச்சியாக வைக்கலாம், ஆனால் உறையவைக்கக்கூடாது, ஏனெனில் உறைந்தால் திசுக்கள் சிதைந்து பல தடயங்கள் அழிந்துவிடும். ஒரு நாளுக்குள் கொண்டு சேர்ப்பது நல்லது. விலங்கைக் கொல்வதும் விஷம் வைப்பதும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுவரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். புகார் கொடுக்கும் எண்ணம் இருந்தால் பரிசோதனை அறிக்கைதான் வலுவான சான்று. புதைத்த பிறகு இந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. ‘என்ன ஆயிற்று என்று தெரிந்திருந்தால்’ என்ற ஏக்கம் பின்னாளில் பெரிதாகுபவர்கள் பலர் என்பதால், வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் யோசித்து எடுப்பது நல்லது.

4. உடலைக் கிடத்தி வைத்தல்

ஓரிரு மணி நேரத்தில் உடல் விறைக்கத் தொடங்கும். நம் ஊர் வெயிலில் அது இன்னும் விரைவாக நிகழும். அதற்கு முன்பே, பூனை வழக்கமாக உறங்கும் நிலையில் கால்களை மடக்கிச் சுருட்டிக் கிடத்திவிட வேண்டும். வால் பகுதிக்கு அடியில் செய்தித்தாளைப் பல மடிப்பாக மடித்து வைக்கலாம். விறைத்த பிறகு கால்களை வலிந்து மடக்கக்கூடாது.

அடுத்து எறும்பு. யாரும் எதிர்பாராதது இதுதான். ஒரு மணி நேரம் கவனிக்காமல் விட்டால் கண்ணிலும் வாயிலும் எறும்பு மொய்த்துவிடும், அந்தக் காட்சி பிறகு மனத்தைவிட்டு அகலாது. பெட்டியை ஒரு ஸ்டூல் மீது வைத்து, ஸ்டூலின் நான்கு கால்களையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் நிறுத்தினால் போதும். எறும்புப் பொடி தூவ வேண்டாம். அவற்றில் சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனைகளுக்குக் கொடிய நஞ்சு, வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் அதையும் இழக்க நேரும்.

அடக்கம் தாமதமாகும் என்றால் உறைந்த பாட்டில்களைத் துணியில் சுற்றி வயிற்றை ஒட்டி வைக்க வேண்டும், ஏனெனில் சிதைவு முதலில் வயிற்றில்தான் தொடங்குகிறது. மின்விசிறிக்கு அடியில், வெயில் படாத இடத்தில் வைத்தால் வெளியூரிலிருந்து ஒருவர் வந்து சேரும்வரை காத்திருக்கலாம். கோடையில் ஐஸ் இல்லாமல் நான்கைந்து மணி நேரத்துக்கு மேல் வைத்திருப்பது நல்லதன்று.

5. நினைவுக்கு எடுப்பவை

பூனை தொற்றுநோயால் இறந்திருந்தால் இந்தப் படியை விட்டுவிட வேண்டும். மற்றபடி, விறைப்பதற்கு முன் பாதச் சுவடு எடுப்பதே சிறந்தது. உள்ளங்காலை ஈரப்பஞ்சால் துடைத்து உலர்த்தி, விரல்களுக்கு இடையே உள்ள முடியைச் சற்று நனைத்து ஒதுக்கிவிட்டு, இங்க் பேடை எடுத்துப் பாதத்தின் மேல் ஒற்ற வேண்டும். பாதத்தை இங்க் பேடில் அழுத்தினால் மை அதிகமாகி, சுவடு வெறும் கறையாகிவிடும். பிறகு அட்டையைப் பாதத்தோடு சேர்த்துப் பிடித்து மெல்ல அழுத்தவேண்டும். முதல் இரண்டு சுவடுகள் சரியாக வராது; ஏழெட்டு எடுத்தால் ஒன்றிரண்டு தெளிவாகக் கிடைக்கும்.

முடியைக் கழுத்துக்குப் பின்புறத்திலிருந்து சிறு கற்றையாக வெட்டிக் காகித உறையில் போட வேண்டும். பிளாஸ்டிக் உறையில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். உறையின் மேல் பூனையின் பெயரையும் தேதியையும் எழுதிவிட வேண்டும்.

இறந்த பின் புகைப்படம் எடுப்பது குறித்து வீட்டில் கருத்து வேறுபாடு எழும். எடுத்து வைத்துப் பார்க்காமல் இருக்கலாம். எடுக்காமல் விட்டதைப் பிறகு எடுக்க முடியாது. ஒன்று மட்டும் எடுத்து, வீட்டில் மனத்திடம் உள்ள ஒருவரின் கைப்பேசியில் வைத்திருக்கச் சொல்வதே நான் கூறும் யோசனை.

6. வீட்டாருக்குச் சொல்லுதல்

அடக்கத்துக்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். ‘செத்துப்போயிடுச்சு’ என்ற சொல்லைத்தான் பயன்படுத்த வேண்டும். ‘தூங்குது’ என்று சொன்ன வீட்டில் பிள்ளை தூங்க அஞ்சுகிறது. ‘ஊருக்குப் போயிருக்கு’ என்று சொன்ன வீட்டில் அது வாசலிலேயே காத்திருக்கிறது. ‘சாமி கூட்டிக்கிட்டாரு’ என்றால் சாமி மேல் கோபம் வருகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மரணம் திரும்பாதது என்பது முழுமையாகப் புரியாது என்பதால் ‘எப்போ வரும்?’ என்று மறுபடி மறுபடி கேட்கும். ஒவ்வொரு முறையும் அதே விடையை, அதே சொற்களில், சலிக்காமல் சொல்ல வேண்டும். பார்க்க விரும்பும் பிள்ளையைப் பார்க்க அனுமதிக்கலாம், விரும்பாத பிள்ளையை வற்புறுத்தக்கூடாது.

வீட்டில் வேறு பூனைகள் இருந்து, தொற்று ஐயமும் இல்லையென்றால், உடலை அவை முகர்ந்து பார்க்க விடலாம். எல்லாப் பூனைகளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. சில முகர்ந்துவிட்டு அகன்றுவிடும், சில நாள்கணக்கில் வீடெங்கும் தேடிக் கத்தும். கவனிக்க வேண்டியது உணவைத்தான். பூனை இரண்டு, மூன்று நாள் ஒன்றும் உண்ணாமல் இருந்தால் கல்லீரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகும், பருத்த பூனைக்கு இது இன்னும் விரைவில் நேரும். ‘அதுக்கும் துக்கம், தானா சாப்பிடும்’ என்று விட்டுவிடாமல், இரண்டாம் நாளே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

7. அடக்கமும் எரியூட்டலும்

சொந்த நிலமோ உறவினர் நிலமோ இருந்தால் அடக்கம் செய்யலாம். குழி குறைந்தது மூன்றடி ஆழம் இருக்க வேண்டும். ஆழம் குறைந்தால் தெருநாயோ பெருச்சாளியோ தோண்டிவிடும். கிணறு, ஆழ்துளைக் கிணறு, தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்து இயன்ற அளவு தள்ளி வெட்ட வேண்டும். மணி, கழுத்துப்பட்டை, பிளாஸ்டிக் ஆகியவற்றை நீக்கிவிட்டு, பருத்தித் துணியில் மட்டும் சுற்றி வைப்பதே சரி. பிளாஸ்டிக் பையில் கட்டிப் புதைத்தால் உடல் மண்ணோடு சேராமல் உள்ளேயே அழுகும். ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்யப்பட்டிருந்தால் ஆழத்தில் சமரசமே கூடாது, ஏனெனில் அம்மருந்து உடலில் நெடுநாள் தங்கும், தோண்டித் தின்னும் நாயும் இறந்துபோகலாம்.

மண்ணை அடுக்கடுக்காக மிதித்து இறுக்கி, மேலே சற்று மேடாகக் குவித்து, கனமான கல் ஒன்றை வைக்க வேண்டும். சில வாரங்களில் மண் அமிழும், அப்போது மீண்டும் மண் போட வேண்டியிருக்கும். செடி வைக்க விரும்பினால் மண் அமிழ்ந்த பின், குழிக்குச் சற்றுப் பக்கவாட்டில் வைக்கலாம். மல்லிகை நல்ல தேர்வு. அரளியும் லில்லியும் பூனைகளுக்கு நஞ்சு என்பதால், அங்கு வேறு பூனைகள் நடமாடுமானால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். விலங்குக்குக் கல்லா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: திருவண்ணாமலைப் பகுதியில் உள்ள எடுத்தனூர் நடுகல்லில், தன் தலைவனோடு நின்ற கோவிவன் என்ற நாயும் பெயரோடு செதுக்கப்பட்டிருக்கிறது. பல்லவர் காலத்துக் கல் அது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அதாவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை, தாழ்வான இடங்களில் இரண்டடி தோண்டினாலே தண்ணீர் ஊறும். அப்போதும், அடுக்குமாடியில் வாழ்பவர்களுக்கு எப்போதும், எரியூட்டலே ஏற்றது. மாநகராட்சியிடமோ விலங்கு நல அமைப்புகளிடமோ விசாரிக்கலாம். சென்னையில் மாநகராட்சியின் உதவி எண் 1913. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தனியாக எரிப்பார்களா, பல உடல்களோடு சேர்த்தா? சேர்த்து எரித்தால் கிடைக்கும் சாம்பல் உங்கள் பூனையுடையது மட்டுமாக இருக்காது. இதைப் பிறகு அறிந்து உடைந்துபோனவர்கள் உண்டு. சாம்பலைப் பூந்தொட்டியில் இட விரும்பினால் சிறிதளவே மண்ணோடு கலக்க வேண்டும், அதிகமானால் அதன் காரத்தன்மையும் உப்பும் செடியைக் கருக்கிவிடும்.

கடற்கரை, ஆற்றங்கரை, பூங்கா ஆகிய பொது இடங்களில் இரவோடு இரவாகப் புதைத்துவிட்டு வருவது தவறு. அத்துடன், திரும்பப் போய் நிற்க உரிமையுள்ள இடம் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் சில மாதங்களில் வரும். அப்போது அது ஈடுசெய்ய முடியாத குறையாகிவிடும்.

8. முதல் இரண்டு வாரங்கள்

இந்த நாள்களில் எதையும் தூக்கி எறியவோ பிறருக்குக் கொடுக்கவோ வேண்டாம். மணல் தட்டு மட்டும் விதிவிலக்கு, அதை அன்றே சுத்தம் செய்துவிடலாம். பிரிக்காத உணவுப் பொட்டலங்களைத் தேதி பார்த்து எடுத்து வைத்தால் பிறகு யாருக்கேனும் பயன்படும். படுக்கைத் துணி, கழுத்துப்பட்டை, சீப்பில் சிக்கிய முடி, தடுப்பூசி அட்டை ஆகியவற்றை ஒரு பெட்டியில் இட்டு மேலே ஏற்றிவிட வேண்டும். துணியைத் துவைக்கக்கூடாது. வாசனைதான் முதலில் போய்விடும், துவைத்தால் அன்றே போய்விடும். தொற்றுநோய் என்றால் இதற்கு நேர்மாறாக, துணியையும் படுக்கையையும் அகற்றியே ஆக வேண்டும்.

கைப்பேசியில் ‘நினைவுகள்’ என்று பழைய படங்களைத் தானாகக் காட்டும் வசதியைச் சில வாரங்களுக்கு நிறுத்தி வைக்கலாம். அதே வேளையில் படங்களையும் காணொளிகளையும் இரண்டு இடங்களில் சேமித்துவிட வேண்டும். வாட்ஸ்அப்பில் வருபவை தரம் குறைந்தவை. உறவினரிடம் இருக்கும் மூலக் கோப்பையே கேட்டு வாங்க வேண்டும். கத்தும் ஒலியும் தொண்டைக்குள் குறுகுறுக்கும் ஒலியும் பதிவான காணொளிகளைத் தனியே குறித்து வைப்பது நல்லது, ஏனெனில் முகத்தைவிட ஒலியே விரைவில் மறந்துபோகும் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

நாளின் சில நேரங்கள் மற்றவற்றைவிடக் கடினமாக இருக்கும். விடியற்காலையில் காலைக் கடித்து எழுப்பிய நேரம், பால் பாக்கெட்டைக் கத்தரிக்கும் ஒலி, தெருமுனையில் மீன்காரம்மாவின் குரல். இவற்றை முன்பே பட்டியலிட்டு, எளிதில் மாற்றக்கூடிய ஒன்றிரண்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மீன்காரம்மா பூனைக்கென்று தலையும் குடலும் ஒதுக்கி வைத்திருப்பார், ‘பூனைக்கு எங்கம்மா?’ என்று அவர் கேட்கும்வரை காத்திருக்காமல், ஒருநாள் முன்னதாகவே போய்ச் சொல்லிவிட்டால் அந்தக் கேள்வியை நடுத்தெருவில் எதிர்கொள்ள வேண்டியிருக்காது. கட்டிலின் கால்மாட்டில் பாரம் ஏறியது போல உணர்வதும், கடைக்கண்ணில் வால் ஒன்று மறைவதைக் காண்பதும் இந்நாள்களில் பலருக்கு நேரும். பிரியமானவரை இழந்தவர்களுக்கும் இது நேர்வதுண்டு, மனநோய் அன்று.

‘ஒரு பூனைக்குப் போயா இவ்வளவு?’ என்று கேட்பவர்கள் வருவார்கள். சமூகம் துக்கமாக ஏற்றுக்கொள்ளாத இழப்பு தனியொரு சுமை என்பதை ஆய்வாளர் கென்னத் டோக்கா 1980-களிலேயே விளக்கியிருக்கிறார். இழப்பும் இருக்கும், அதைச் சொல்லக் கூச்சமும் இருக்கும். அவர்களோடு வாதிட வேண்டாம். ‘வீட்டுல ஒரு ஆள் மாதிரி இருந்துச்சு’ என்று ஒரு வரி சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டு, பூனை வளர்த்து இழந்த ஒருவரைத் தேடிப் பேசுவதே பலன் தரும். அலுவலகத்தில் விடுப்பு கேட்கும்போது ‘வீட்டில் ஒரு இழப்பு’ என்பதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.

உறக்கமோ உணவோ வாரக்கணக்கில் கூடவில்லை என்றாலும், வாழவே வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினாலும், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. பூனைக்காக அழைத்தேன் என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

9. குற்றவுணர்ச்சியைக் கையாளுதல்

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் இது. ‘முன்னாடியே டாக்டர்கிட்ட போயிருந்தா’ என்ற ஒரு வரி எல்லா நினைவுகளையும் மூடிவிடும். இதற்குச் சுற்றியிருப்பவர்கள் தரும் வழக்கமான ஆறுதல் ‘உன் தப்பு ஒன்னுமில்ல’ என்பது. அது உதவுவதில்லை, ஏனெனில் சொல்பவருக்கு நடந்தது முழுவதும் தெரியாது என்பது கேட்பவருக்குத் தெரியும்.

முதல் வாரம் கழிந்தபின் ஒரு தாளை எடுத்து, நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் அந்தந்த நாளில் தெரிந்திருந்ததையும், வலப்பக்கம் பிறகு தெரியவந்ததையும் தேதிவாரியாக எழுத வேண்டும். மருத்துவச் சீட்டுகளையும் கைப்பேசிப் படங்களின் தேதிகளையும் ஒப்பிட்டு எழுதினால் நினைவின் மிகைப்படுத்தல் குறையும். குற்றச்சாட்டுகளில் பெரும்பகுதி வலப்பக்கத்துச் செய்தியை இடப்பக்கத்து நாளின் மேல் சுமத்துவதால் எழுபவை என்பது எழுதும்போதே தெளிவாகும்.

இதற்கு உடலியல் காரணமும் உண்டு. பூனை நோயை மறைக்கும் விலங்கு. சிறுநீரக நோயில் செயல்திறனின் பெரும்பகுதி போன பிறகே அறிகுறிகள் வெளிப்படும். இதயத் தசை தடிக்கும் நோய் கொண்ட பூனை நேற்றுவரை ஓடியாடிவிட்டு இன்று சுருண்டு விழலாம். ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளிலேயே உயிர் போய்விடும். அதை மலச்சிக்கல் என்று நினைத்துக் காத்திருந்தவர்கள் ஏராளம். காத்திருந்தது அறியாமையால் நேர்ந்தது, அக்கறையின்மையால் அன்று.

ஆனால் சில நேரங்களில் தவறு உண்மையிலேயே நடந்திருக்கும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்திருக்கலாம், பூனைக்கு ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கும். வலை இல்லாத பால்கனியிலிருந்து விழுந்திருக்கலாம், எலி மருந்தை எட்டும் இடத்தில் வைத்திருக்கலாம். இத்தகைய தவற்றை ‘விதி’ என்று மூடி மறைப்பதைவிட, ஒருமுறை முழுதாக ஒப்புக்கொண்டு, அந்த ஓட்டையை அடைப்பதே மனத்தை இலகுவாக்குகிறது என்பது என் கணிப்பு. பால்கனிக்கு வலை போடுங்கள். பூனை வளர்க்கும் நண்பர்களிடம் அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள். பூனை இறந்தால் பாவம் சுற்றும், பொன்னில் பூனை செய்து கொடுக்க வேண்டும் என்று பயமுறுத்தும் பெரியவர்களிடம், பூனை நோயில் இறந்ததா கொல்லப்பட்டதா என்ற வேறுபாட்டை மட்டும் எடுத்துச் சொன்னால் போதும்.

கருணைக்கொலைக்கு ஒப்புக்கொண்டவர்களின் குற்றவுணர்ச்சி இன்னொரு வகையானது. அவர்கள் ஏட்டில் எழுத வேண்டியது கடைசி வாரத்தின் நிலையை: உண்டதா, நடந்ததா, தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொண்டதா, அழைத்தால் திரும்பிப் பார்த்ததா? காலம் செல்லச் செல்ல அந்த வாரத்தின் துன்பம் மங்கி, ‘இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்குமே’ என்ற எண்ணம் ஓங்கும். அப்போது அந்த ஏடுதான் சாட்சி.

10. நினைவை எழுதி வைத்தல்

முதல் மாதத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். ‘அன்பானது, அழகானது, புத்திசாலி’ என்று எழுதினால் ஐந்தாண்டு கழித்துப் படிக்கும்போது அது எந்தப் பூனைக்கும் பொருந்தும். பண்புகளை விட்டுவிட்டுச் செயல்களை எழுத வேண்டும். வீட்டின் ஒவ்வோர் அறையாக மனத்தால் நடந்து, அங்கே அது எங்கே படுத்தது, எதைத் தள்ளிவிட்டது, எந்த ஜன்னலில் எந்நேரம் அமர்ந்தது என்று குறிப்பது எளிய வழி. அதற்கு இருந்த எல்லாச் செல்லப்பெயர்களையும், எந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்பதோடு எழுத வேண்டும். நெத்திலியைத் தின்று மத்தியை ஒதுக்கியதா, மிக்ஸி ஓடினால் எங்கே ஒளிந்தது, யார் மடியில் மட்டும் ஏறாது என்பவை எல்லாம் இதில் வரும்.

வீட்டார் ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதியபின் சேர்ப்பதே நல்லது. ஒன்றாக அமர்ந்து எழுதினால் உரக்கப் பேசுபவரின் நினைவே எல்லாருடைய நினைவாகிவிடும். எழுதத் தெரியாத பாட்டி சொல்வதைப் பதிவு செய்துகொள்ளலாம். பெரும்பாலும் பகலெல்லாம் பூனையோடு இருந்தவர் அவர்தான்.

ஆண்டு நினைவு நாளில் விளக்கேற்றுவதோ, தெருப் பூனைகளுக்கு மீன் வைப்பதோ அவரவர் விருப்பம். இதற்கென்று வகுத்த முறை ஏதும் இல்லாததால் தவறாகச் செய்துவிடுவோமோ என்ற அச்சமும் தேவையில்லை.

11. உடல் கிடைக்காதவர்களுக்கு

காணாமல் போய்த் திரும்பாத பூனைக்கு மேற்சொன்ன பல படிகள் பொருந்தா. அங்கே நம்பிக்கை துக்கத்தைத் தொடங்கவே விடாது. இரவில், தெரு அடங்கிய நேரத்தில், வீட்டைச் சுற்றியுள்ள மொட்டைமாடி, படிக்கட்டின் அடி, வாகனங்களின் கீழ்ப்பகுதி என்று நெருக்கமான இடங்களில் தேடுவதைத் தொடர்ந்து செய்துவிட்டு, ஒரு தேதியை வீட்டார் கூடி முடிவுசெய்து, அன்றோடு நாள்தோறும் தேடுவதை நிறுத்த வேண்டும். அதன் தட்டை எடுத்து வைப்பதே இங்கு அடக்கம். நிறுத்துவது கைவிடுவது ஆகாது என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும்.

12. அடுத்த பூனை

குறிப்பிட்ட காலம் என்று ஒன்று கிடையாது, ஆனால் ஒரு சோதனை உண்டு. தேடும்போது அதே நிறம், அதே முகம், அதே பெயர் என்று மனம் போனால் இன்னும் நேரம் வரவில்லை. அப்படிக் கொண்டுவந்த குட்டி பழைய பூனையைப் போல நடந்துகொள்ளாததற்காகவே வெறுக்கப்படுகிறது. உறவினர்கள் ஆறுதலாக எண்ணி அட்டைப்பெட்டியில் குட்டியோடு வந்து நிற்பார்கள் என்பதால், ‘நாங்களே சொல்றோம், அதுவரைக்கும் வேண்டாம்’ என்று முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

இறப்புக்குப் பேன்லுகோபீனியா காரணம் என்றால் கணக்கு வேறு. மனம் தயாரானாலும் தடுப்பூசி முடிக்காத குட்டியை ஓராண்டுக்கு அந்த வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது. தடுப்பூசி முழுவதும் போட்ட வளர்ந்த பூனையை, மருத்துவரிடம் கேட்டபின் கொண்டுவரலாம். குட்டிகளுக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் ஆகும்வரை மூன்று, நான்கு வார இடைவெளியில் ஊசிகள் போட வேண்டும். கடைசி ஊசி முடியும்வரை குட்டி வேறொரு வீட்டில் வளர்வதே பாதுகாப்பு. பழைய கூடை, தட்டு ஆகியவற்றில் பிளாஸ்டிக், எஃகுப் பொருள்களை முன்சொன்ன ப்ளீச் கரைசலால் கழுவி வெயிலில் உலர்த்திப் பயன்படுத்தலாம். துணி, மரம், கயிறு சுற்றிய நகக்கீறல் கட்டை ஆகியவற்றைப் புதிதாகவே வாங்க வேண்டும்.